வழிபாடு நின்ற இடங்கள்

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு டெல்லியைச் சுற்றிக் காட்டும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் வைத்திருக்கின்றன. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை, இந்தியா கேட் என்று பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, மாலையில் ஆர்.கே.புரத்து மலை மந்திருக்குப் போய் சுவாமிநாதனைக் கும்பிடுவார்கள். பகலில் போன இடங்கள் பார்ப்பதற்கு, மாலையில் போன இடம் வணங்குவதற்கு என்பது யாரும் சொல்லித்தராமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் குதுப் மினாரின் அடியில் இருப்பது ஒரு பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசலின் தூண்கள் கோயில்களிலிருந்து வந்தவை. ஹுமாயூன் கல்லறை ஒருவரின் மறுமைக்காக எழுப்பப்பட்டது. வழிபாடு நின்றுபோனதும் இவை வெறும் கட்டடங்களாகிவிடுகின்றனவா? சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர் அந்த இடத்துக்கு எந்தக் கடனும் படாதவரா? கடன் உண்டு என்பதே என் பதில். கட்டியவர்கள் யாரை நோக்கி, எதை வேண்டி, எதற்கு அஞ்சி அதைக் கட்டினார்கள் என்று கேட்காதவர் கட்டடத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை. இதை நான் ஒரு நாகரிக விதியாகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கண்ணில் படுவதே குறைந்துபோகிறது என்கிறேன்.

ஹுமாயூன் கல்லறையையே எடுத்துக்கொள்வோம். 1556இல் பழைய கோட்டைக்குள் படிக்கட்டில் விழுந்து இறந்த அரசருக்கு, 1560களில் தொடங்கி 1570களின் தொடக்கத்துக்குள் எழுப்பிய கட்டடம் அது. செம்மணற்கல், வெண்பளிங்குக் கும்மட்டம், நான்கு பாகமாகப் பிரிந்த தோட்டம், தாஜ் மகாலுக்கு முன்னோடி என்பவையெல்லாம் வழிகாட்டிகள் சொல்லும் செய்திகள்; எல்லாம் உண்மை. அவர்களில் பலர் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: ஏன் அந்த இடத்தில்? மதுரா சாலையைக் கடந்தால் நடந்து போகும் தூரத்தில், 1325இல் மறைந்த நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்கா இருக்கிறது. அந்த ஞானியின் அருகில் அடக்கமாவது அருள் என்று நம்பியவர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக அங்கே இடம் தேடினார்கள். அவர் மறைந்த அதே ஆண்டில் மறைந்த அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோ அவருடைய காலடியில் கிடக்கிறார். ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1681இல் இறந்தபோது, தன் கல்லறையின் மேல் பசும்புல்லைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்ற விருப்பத்தின்படி தர்கா முற்றத்திலேயே திறந்த கல்லறையில் அடக்கமானார். 1869இல் மறைந்த கவிஞர் காலிபும் அந்தச் சுற்றுப்புறத்தில்தான் இருக்கிறார். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஹுமாயூன் கல்லறை வளாகத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் எண்கோணக் கல்லறை ஒன்று தெரியும். ஈசா கான் என்பவருக்கு 1547 வாக்கில் எழுந்தது அது. ஈசா கான், ஹுமாயூனை நாட்டைவிட்டே துரத்திய ஷேர் ஷா அவையின் பிரபு. துரத்திய கட்சிக்காரரும் துரத்தப்பட்ட அரசரும் ஒரே மண்ணில் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். அரசியல் வரலாறு மட்டும் தெரிந்தவருக்கு இது புரியாத தற்செயல். அந்த ஞானியைத் தெரிந்தவருக்கு இரண்டு கல்லறைகளும் ஒரே காரணத்தால் அங்கே வந்தவை என்று தெரியும். அரசவைப் பக்கமே போக மறுத்தவர் நிஜாமுத்தீன் என்று அவர் வந்த சிஷ்டி சூஃபி மரபு விடாமல் சொல்லும். உயிரோடு இருந்தபோது அரசர்களைத் தவிர்த்த ஒருவரின் பக்கத்தில் ஓர் இடம் கிடைக்க, இறந்த பிறகு அரச குலமே வரிசையில் நின்றிருக்கிறது. இன்று பயணிகள் கட்டணம் செலுத்திக் கல்லறையைப் பார்க்கிறார்கள். அந்தக் கல்லறை அங்கே வரக் காரணமான தர்காவைப் பலரும் பாராமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

உள்ளேயும் இதே கதைதான். மைய மண்டபத்தில் தெரியும் பளிங்குப் பேழை அடையாளத்துக்கு வைத்தது. உடல் அதற்கு நேர் கீழே நிலவறையில் இருக்கிறது. மேற்குச் சுவரில், மக்காவின் திசையில், கல் சல்லடைக்கு நடுவே, தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் வடிவம் மட்டும் கோடாகத் தெரியும். அதன் வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கும். நடுவே ஒரு கூடம், சுற்றிலும் எட்டு அறைகள் என்ற அமைப்பு எட்டுச் சொர்க்கங்களை நினைவூட்டுவது. வெளியே தோட்டத்தை நான்காக வகுக்கும் கால்வாய்களில் சொர்க்கத்து ஆறுகளின் நினைவு உண்டு. இது தெரியாதவர் சல்லடையை அலங்காரமாகவும் கால்வாயைத் தோட்டக்கலையாகவும் பார்ப்பார். தெரிந்தவருக்கு முழுக் கட்டடமும் ஒரே வேண்டுதலாகத் தெரியும்: இந்த மனிதனுக்கு நல்ல கதி கிடைக்கட்டும். இதைத் தெரிந்துகொள்ள முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை, மறுமையை நம்ப வேண்டியதும் இல்லை. கையெழுத்தின் அழகை மெச்சிவிட்டு, யாருக்கு எழுதிய கடிதம் என்று பாராமல் மடித்து வைப்பவரைக் கடிதம் படித்தவர் என்று சொல்ல மாட்டோம்.

இங்கே முதல் மறுப்பு வரும். கல்லில் புனிதம் எங்கே இருக்கிறது, அது கட்டியவர்களின் மதமே ஏற்காத கருத்தாயிற்றே என்பார்கள். வலுவான மறுப்புதான். கல்லறைகளின் மேல் பெரிய கட்டடம் எழுப்புவது சரியா என்பது இஸ்லாமிய அறிஞர்களிடையே நெடுங்காலமாக நடக்கும் வாதம். பூமி முழுவதுமே தொழுமிடம் என்பது நபிமொழி மரபு. கல்லறைகளைச் சந்திப்பதை முதலில் தடுத்த நபிகள், பின்னர் அது மறுமையை நினைவூட்டும் என்பதால் அனுமதித்தார் என்றும் அதே மரபு சொல்கிறது. நம் ஆகமங்களும் கல்லில் தெய்வம் தானாகக் குடியிருப்பதாகச் சொல்வதில்லை. குடமுழுக்கில் தெய்வத்தை எழுந்தருளச் செய்கிறார்கள். திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து, அந்தச் சாந்நித்தியத்தை வேறிடத்தில் வைத்துக் காக்கிறார்கள். அழைத்தால் வருவது, பூசை இல்லாத இடத்தில் இருப்பதாகக் கொள்ள முடியாதது. அந்தக் கணக்கில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் இன்று தெய்வம் இல்லாத கோயில். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் ராஜசிம்மன் எடுத்த அந்தக் கோயிலின் கருவறைச் சுவரில் சோமாஸ்கந்தர் இருக்கிறார், இரண்டு சிவன் சன்னிதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார், விளக்கு இல்லை. ஊர் நடுவில் தலசயனப் பெருமாள் கோயிலில் விளக்கு எரிகிறது. வைணவர்கள் அங்கே போகிறார்கள், மற்றவர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள். நிஜாமுத்தீனில் உள்ள பிரிவு இங்கேயும் அப்படியே இருக்கிறது.

இரண்டு மரபுகளும் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். கல்லுக்கென்று புனிதம் இல்லை. ஆனால் அதிலிருந்து மறுப்பவர் எடுக்கும் முடிவு வரவில்லை. தெய்வம் எழுந்தருளியிருப்பதும், ஒரு மனிதக் கூட்டம் தெய்வத்தை நோக்கிப் பேசியது வடிவமாக நிற்பதும் வெவ்வேறு. முதலாவதைச் சடங்கு தரலாம், எடுக்கலாம். இரண்டாவதை யாரும் எடுக்க முடியாது, கட்டடத்தை இடித்தால் ஒழிய. கடற்கரைக் கோயிலின் சோமாஸ்கந்தர் முன் நிற்பவர் பல்லவ அரசன் தன் வழிபாட்டை எங்கே வைத்தானோ அந்த இடத்தின் முன் நிற்கிறார். வணங்கும் கடமை அவருக்கு இல்லை. அது வணங்க வைத்த இடம் என்று அறியும் கடமை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடற்கரைக் கோயிலின் அதிட்டானத்தின் மேல் காலை வைத்துப் படமெடுத்துக்கொள்கிறவர், இரண்டும் ஒரே மரபின் ஒரே பேச்சு என்பதை மறந்துவிடுகிறார். தஞ்சையும் தொல்லியல் துறையின் காவலில்தான் இருக்கிறது. 2020இல் அங்கே குடமுழுக்கும் நடந்தது. நினைவுச்சின்னமாகவும் வழிபாட்டிடமாகவும் ஓர் இடம் ஒருசேர இருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. அதற்கு இடம் குதுப் வளாகம்தான். அங்கே இருப்பது பக்தியா, வென்றவனின் அதிகாரமா? 1190களில் தொடங்கிய குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் கிழக்கு வாசலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே, 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு அதைக் கட்டியதாகச் சொல்கிறது. தூண்களில் சங்கிலியும் மணியும் செதுக்கியபடியே இருக்கின்றன. உருவங்களின் முகங்கள் சிதைந்திருக்கின்றன. இதற்கு மரியாதை காட்டச் சொல்வது இடித்ததை நியாயப்படுத்துவதாகாதா? ஆகாது. கட்டியவர் யாரை நோக்கிக் கட்டினார் என்று கேட்பதே நான் சொல்லும் மரியாதை. அந்தக் கேள்வியை இங்கே இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. தூணைச் செதுக்கிய சிற்பி ஒரு தெய்வத்தை நோக்கிச் செதுக்கினார். அந்தத் தூண்களின் நடுவே அணிவகுத்து நின்று தொழுதவர்கள் இறைவனை நோக்கித் தொழுதார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வன்முறை இருக்கிறது, அதைச் செய்தவர்களே பெருமையோடு எழுதியும் வைத்தார்கள். கோபத்தோடு மட்டும் போகிறவர் தொழுகையைக் காண்பதில்லை. அழகுக்காக மட்டும் போகிறவர் சிதைந்த முகங்களைக் காண்பதில்லை. மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது மனதுக்குக் கடினம். ஆனால் அந்த இடத்தின் உண்மை அதுதான்.

அதே முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் இன்னும் தெளிவாகப் பேசும். ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் பழமையான குப்தர் காலத் தூண். அதன் சமஸ்கிருதக் கல்வெட்டு, சந்திரன் என்ற அரசன் அதை விஷ்ணுவின் கொடிமரமாக விஷ்ணுபதம் என்ற குன்றில் நட்டதாகச் சொல்கிறது. பின்னால் யாரோ அதைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். துருப்பிடிக்காத அந்த இரும்பை உலோக அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். பயணிகளோ அதற்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்துத் தழுவி, விரல்கள் சேர்ந்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பினார்கள். தொட்டுத் தொட்டுத் தேய்ந்ததால் 1997இல் சுற்றிலும் வேலி போட வேண்டியதாயிற்று. ஒரு கொடிமரத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது கொடிமரம் என்று தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தால் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் திரும்பி நின்றிருப்பார்கள். வேலிக்கே தேவை வந்திருக்காது.

நம்பிக்கையற்றவர் கேட்பார்: எனக்கு இந்தத் தெய்வமும் இல்லை, அந்தத் தெய்வமும் இல்லை, நான் எதற்கு நடிக்க வேண்டும்? நடிக்க வேண்டாம். அவருக்கு ஃபிரோஸ் ஷா கோட்லாவைக் காட்டுவேன். 1350களில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய அந்தக் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில், அவர் தோப்ராவிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய கல்தூண் நிற்கிறது. மேலே வரிவரியாக எழுத்து. அவர் காலத்தில் அதைப் படிக்க ஒருவராலும் முடியவில்லை. பீமனின் கைத்தடி என்று மக்கள் சொல்லிக்கொண்டதைச் சுல்தானின் வரலாற்றை எழுதியவர் பதிந்திருக்கிறார். பல நூற்றாண்டுகள் எல்லாரும் அதன் உயரத்தையும் பளபளப்பையும் பார்த்து வியந்தார்கள். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்த பிறகே அது அசோகரின் தூண் என்பதும், அதில் உள்ளது ஓர் அரசர் தன் குடிகளின் நல்வாழ்வுக்காக எழுதிய வேண்டுகோள் என்பதும் தெரிந்தன. பௌத்த சங்கத்தார், பிராமணர், ஆசீவகர், நிர்கிரந்தர் என எல்லாச் சமயத்தாரின் நலனையும் கவனிக்க அதிகாரிகளை அமர்த்தியதாக அதில் அசோகர் சொல்கிறார். இதைச் சொல்லும் ஏழாம் கட்டளை வேறெந்தத் தூணிலும் இல்லை. பிரின்செப் பௌத்தராக மாறவில்லை. ஆனால் அந்தக் கல்லை முதன்முதலாகப் பார்த்தவர் அவர்தான் என்று சொல்வதில் தவறில்லை. அவருக்கு முன்னால் கண்டவர்கள் அதன் உருவத்தைக் கண்டார்கள். நம்பாதவரிடம் கேட்பதும் இந்த அளவு கவனத்தைத்தான். அதே கோட்லாவின் நிலவறைகளுக்கு வியாழக்கிழமைதோறும் இந்துக்களும் முஸ்லிம்களுமாக மக்கள் வருகிறார்கள். ஜின்களுக்கு மனு எழுதி மாடங்களில் வைக்கிறார்கள், ஒரே மனுவை நகலெடுத்துப் பல மாடங்களில் வைப்பதும் உண்டு. அரசு அலுவலகத்தில் கேளாத குறையை அங்கே சொல்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. அந்த மனுக்களில் இருப்பது நோயும் கடனும் மகளின் திருமணமும் என்பதை எண்ணிப் பார்த்தால் தள்ளக் கை வராது.

கடைசி மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. இந்த இடங்களின் பொருள் வழிபாட்டில்தான் என்றால், வழிபாட்டையே திரும்பக் கொண்டுவரலாமே? குதுப் வளாகத்தில் பூசை செய்ய உரிமை கேட்டு வழக்கே நடந்தது. 1914இல் காவலில் எடுத்தபோது அங்கே வழிபாடு இல்லை, ஆகவே இப்போது புதிதாகத் தொடங்க முடியாது என்று தொல்லியல் துறை 2022இல் நீதிமன்றத்தில் சொன்னது. அந்த நிலைதான் சரி என்று நினைக்கிறேன். காரணம் சட்டம் மட்டும் இல்லை. வழிபாட்டிடம் எதுவாக இருந்தாலும் அது யாரையாவது வெளியே நிறுத்துகிறது. நிஜாமுத்தீன் தர்காவில் அடக்கத்தலம் உள்ள உள்ளறைக்குள் பெண்கள் போவதில்லை. சல்லடைக்கு வெளியே நின்று வேண்டிக்கொள்கிறார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் போக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நினைவுச்சின்னத்தின் சீட்டு சாதி கேட்பதில்லை, மதமும் ஆண் பெண்ணும் பார்ப்பதில்லை. இது சிறிய பேறு அன்று. இறைவன் எல்லாருக்கும் பொது என்று சொன்ன ஞானிகள் கண்டால் மகிழ்ந்திருப்பார்கள். ரோமில் பாந்தியனைப் பாருங்கள். பழைய ரோமானியக் கோயில், 609இல் கிறிஸ்தவத் தேவாலயமாயிற்று. 2023 ஜூலையில் பயணிகளுக்கு 5 யூரோ கட்டணம் வந்தது. திருப்பலிக்கு வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே இரண்டும் ஒரே கூரையின் கீழ் சச்சரவின்றி நடக்கின்றன, தேவாலயமான பிறகு வழிபாடு நின்றதே இல்லை என்பதால். இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவோ ஏறக்குறைய 85 ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தபின் 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது. இப்போது தொழுவோருக்குத் தரைத்தளம், கட்டணம் செலுத்தும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம். ஒரு காலத்தில் அங்கே வழிபட்ட கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்கள் அந்த மாற்றத்தைக் காயமாகவே உணர்ந்தார்கள். அணைந்த விளக்கை ஏற்றும்போது இன்னொருவரின் வீட்டில் இருள் சூழும் என்றால், அணைந்தபடியே இருக்கட்டும். அது ஏன் அங்கே எரிந்தது என்று மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்வோம்.

இவ்வளவு சொன்னதால் கல்லறைத் தோட்டங்களில் சிரிக்கக்கூடாது, குழந்தைகள் ஓடக்கூடாது என்று நான் கேட்பதாக எண்ண வேண்டாம். லோதி தோட்டத்தில் சிக்கந்தர் லோதியின் கல்லறையைச் சுற்றிக் காலையில் மக்கள் நடக்கிறார்கள், யோகா செய்கிறார்கள், பகலில் சாப்பாட்டுக் கூடையோடு வந்து புல்லில் அமர்கிறார்கள். அது அவமதிப்பு இல்லை. சொர்க்கத்தை நினைத்துத் தோட்டம் வைக்கும் மரபில் வந்தவர்கள், அங்கே மனிதர்கள் மகிழ்ந்திருப்பதை வெறுத்திருக்க மாட்டார்கள். சுவரில் பெயரைக் கீறுவது வேறு. அது இறந்தவர்மேல் தன்னை எழுதுவது.

தொல்லியல் துறையின் பலகைகளிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஆண்டு, கல்லின் வகை, கட்டடப் பாணி எல்லாம் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் மனிதர்கள் என்ன செய்தார்கள், எதை நம்பிச் செய்தார்கள் என்பதைப் பல பலகைகள் விட்டுவிடுகின்றன. எழுத முடியாத ஒன்றில்லை அது. ஹுமாயூன் கல்லறை வாசலில் 2024இல் திறந்த அருங்காட்சியகத்தில் அரசரைப் பற்றிச் சொல்வதோடு நிறுத்தாமல் நிஜாமுத்தீனையும் அமீர் குஸ்ரோவையும் பற்றியும் சொல்கிறார்கள். அதே அக்கறை குதுப் வளாகத்துக்கும் கோட்லாவுக்கும், நம் மாமல்லபுரத்துக்கும் வர வேண்டும். அதுவரை பொறுப்பு நம்முடையது. டெல்லிக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஹுமாயூன் கல்லறைக்குப் போகும் நாளில், முதலில் தர்காவுக்குப் போய்விட்டுப் பிறகு அங்கே வாருங்கள். சந்து குறுகல், கூட்டம் அதிகம், செருப்பை வாசலில் விட வேண்டும். தலையை மூட ஒரு கைக்குட்டை போதும். உள்ளே போகச் சீட்டு வேண்டியதில்லை.